பதிவேட்டைக் குறுக்கே படிப்போம்

நேயர்களுக்கு வணக்கம். புள்ளிவிவரம் என்று பேச்செடுத்தாலே ஆசிரியர்கள் முகம் சுருங்கிவிடும். சுருங்கத்தான் செய்யும். எமிஸ் என்கிற கல்வித்துறையின் இணையப் பதிவில் வருகை ஏற்று, மதிப்பெண் ஏற்று என்று ஏற்றியதெல்லாம் மேலே போகிறதே தவிர, ஆசிரியர் அறைக்குத் திரும்புவதில்லை என்பது அவர்கள் ஆதங்கம். இன்று அதை விட்டுவிடுவோம். உங்கள் மேஜையில் கிடக்கும் வருகைப் பதிவேட்டுக்கு வருகிறேன்.

நான் தலைமையாசிரியராக இருந்தபோது ஒரு காலாண்டுத் தேர்வில் ஒன்பதாம் வகுப்புக் கணக்கு மட்டும் சரிந்துவிட்டது. வழக்கமாக என்ன நடக்கும்? பாட ஆசிரியரை எல்லார் முன்னாலும் எழுப்பி நிறுத்தி, "உங்க பாடத்துல ஏன் தேர்ச்சி குறைவு?" என்பார்கள். அப்படிக் கேட்டால் சமாதானம்தான் வரும்: வீட்டில் படிப்பதில்லை, அடிப்படையே இல்லை.

நாங்கள் பதிவேட்டை விரித்தோம். கணக்கு டீச்சர், வகுப்பாசிரியர், நான். தினமும் அதை மேலிருந்து கீழாகக் கூட்டுவோம், இன்று வருகை இத்தனை என்று எழுதுவோம், மூடிவிடுவோம். அன்று ஒவ்வொரு பெயருக்கு நேராகவும் குறுக்கே விரலை ஓட்டினோம். விடுப்பு அதிகமில்லை. ஆனால் சில பெயர்களுக்கு நேரே, வரவில்லை என்று 'ஏ' போட்டு, அப்புறம் அதன்மேலேயே வருகைக் கோடு இழுத்திருந்தது. தாமதமாக வந்த பிள்ளைகள்! எல்லாரும் ஒரே ஊர். டவுன் பஸ் நேரம் மாறியிருக்கிறது. முதல் பீரியட் பெரும்பாலும் கணக்கு.

கணக்கை மூன்றாம் பீரியடுக்கு மாற்றினோம். அரையாண்டில் எல்லாரும் தேறிவிடவில்லை, சிலருக்குச் சிக்கல் வேறாக இருந்தது. எனக்குப் பெரிதாகப் பட்டது இன்னொன்று. அடுத்த தேர்வில் அந்த டீச்சர், யாரும் கேட்காமலே, எந்த வினாவில் எத்தனை பேர் தவறினார்கள் என்று ஒரு தாளில் பிரித்துக் கொண்டுவந்தார். திட்டு விழும் என்ற பயமிருந்தால் அந்தத் தாள் வந்திருக்காது. மறுபடியும் சொல்கிறேன், வந்திருக்காது.

தொடக்கப் பள்ளியிலும் இதே கதைதான். அடிப்படை எழுத்தும் கணக்கும் கற்றுக்கொடுக்க 2022இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளைக் கற்றல் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிக்கிறோம்; அரும்புதான் முதல் நிலை. ஜூனில் அரும்பாக இருந்த பிள்ளை ஜனவரியிலும் அரும்பா? ஆசிரியர் கூட்டத்தில் அந்தப் பெயரை எடுத்துப் பேசுங்கள்.

பெற்றோரைப் பற்றி விரிவாகப் பேச நினைத்தேன், நேரம் முடியப்போகிறதாம். ஒன்று மட்டும். பள்ளி மேலாண்மைக் குழுவில் சராசரியை வாசிக்காதீர்கள், அவர்களால் செய்ய முடிந்த ஒன்றை முன்வையுங்கள். பஸ்ஸுக்காக டிப்போவில் மனு கொடுத்தது பெற்றோர்தான். வணக்கம்.