குஞ்சு விழுந்துரும்ணே

வணக்கம் நேயர்களே. நான் கால்நடை மருத்துவராக 31 வருடம் அரசு வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஓய்வு என்று பெயர்தான். காலையில் பால் வாங்கப் போனால்கூட யாராவது வண்டியை நிறுத்தி, "டாக்டர், எங்க ஆடு ரெண்டு நாளா அசை போடல" என்பார்கள். பால் ஆறிப்போகும், வீட்டில் திட்டு விழும். அது இருக்கட்டும்.

மனிதர்கள் மற்ற உயிர்களிடம் பொறுப்பாக நடந்துகொள்ள ஓர் ஊரைப் பழக்குவது எப்படி என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். பத்து நிமிடம். நான் நான்கு விஷயம் குறித்துக்கொண்டு வந்திருக்கிறேன்: ஓர் ஊர், ஒரு கிளி, அழகர் கோவில் குரங்குகள், கடைசியாக நாய். வானொலி என்பதால் படம் எதுவும் காட்ட முடியாது. நல்லதுதான். நீங்கள் இட்லி ஊற்றிக்கொண்டே கேட்கலாம்.

முதலில் ஊர். சிவகங்கை மாவட்டத்தில் திருப்பத்தூருக்குப் பக்கத்தில் கொள்ளுக்குடிப்பட்டி இருக்கிறது. வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் என்று 1977இல் அரசு அறிவித்ததே, அந்தக் கண்மாய்ப் பகுதி. மழை பெய்து கண்மாயில் தண்ணீர் ஏறிவிட்டால், தண்ணீருக்குள் நிற்கிற கருவேல மரங்கள் எல்லாம் கூடு மயம். நத்தை குத்தி நாரை, சாம்பல் நாரை, வக்கா, நீர்க்காகம், அரிவாள் மூக்கன் எல்லாம் வரும். தீபாவளியும் அதே ஐப்பசியில்தான் வருகிறது. அந்த ஊரில் பல பத்தாண்டுகளாக வெடி வெடிப்பதில்லை. இதைப் பத்திரிகைகளில் தீபாவளிக்குத் தீபாவளி படித்திருப்பீர்கள். வனத்துறை அந்த ஊர்க்காரர்களுக்கு இனிப்பு கொடுப்பதையும் படித்திருப்பீர்கள்.

நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிது. தீபாவளியன்று விடியற்காலை அந்தப் பக்கத்திலிருந்து ஆள் வந்துவிட்டார். மாடு கன்று போட முடியாமல் கிடக்கிறதாம். எண்ணெய் தேய்த்த தலையோடு, குளிக்காமல், உதவியாளரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு வண்டியை விரட்டினேன். கன்றின் ஒரு முன்னங்கால் மடங்கி உள்ளே மாட்டியிருந்தது. தோள்வரை கையை விட்டு, குளம்பை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு மெதுவாக நிமிர்த்தினால்தான் வெளியே வரும். அவசரப்பட்டால் குளம்பு கர்ப்பப்பையைக் கிழித்துவிடும். முக்கால் மணி நேரம் ஆயிற்று. கிடேரிக் கன்று. கீழே விழுந்து, தும்மி, காதை ஆட்டியது. எனக்கு உயிர் வந்தது.

உதவியாளருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மகனுக்கு வாங்கிச் சட்டைப் பையில் வைத்திருந்த ஊசி வெடிக் கட்டிலிருந்து ஒரு சரத்தை உருவி, ஊதுபத்தியை வைக்கப் போனார். எங்கிருந்தோ ஒரு பொடியன் ஓடி வந்தான். ஏழெட்டு வயதிருக்கும், புதுச் சட்டை, காலர் ஓரத்தில் மஞ்சள். வந்தவன் எதுவும் கேட்கவில்லை. சரத்தின் மேல் காலை வைத்து மிதித்துக்கொண்டு நின்றான். அப்புறம்தான் பேசினான். "வேணாம்ணே. குஞ்சு விழுந்துரும்ணே."

பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்களா என்று கேட்டேன். "இல்ல, எங்க ஊர்ல போட மாட்டாங்க" என்றான். அவ்வளவுதான் அவனுடைய விளக்கம்.

குஞ்சு ஏன் விழும் என்பதை நான் சொல்கிறேன். திடீரென்று சத்தம் கேட்டால் அடைகாக்கிற பறவைகள் மொத்தமாக எழும்பும். எழும்புகிற வேகத்தில் முட்டை உருளும், சிறகு முளைக்காத குஞ்சு கூட்டிலிருந்து தவறித் தண்ணீரில் விழும். தாய் திரும்பி வருவதற்குள் காக்கை வந்துவிடும். பொடியனுக்கு இதையெல்லாம் யாரும் பாடமாக நடத்தியிருக்க மாட்டார்கள். விழுந்து கிடந்த குஞ்சை அவன் பார்த்திருப்பான். பெரியவர்கள் பண்டிகை நாளிலும் கையைக் கட்டிக்கொண்டிருந்ததையும் பார்த்திருப்பான்.

இதைத்தான் நான் போகிற இடமெல்லாம் சொல்கிறேன், இன்றைக்கும் இரண்டு மூன்று முறை சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பெரியவர்கள் எதை விட்டுக்கொடுக்கிறார்கள் என்பதைப் பார்த்துத்தான் பிள்ளைகள் கற்றுக்கொள்கிறார்கள். ஒரு பள்ளியில் விலங்கு நேசப் பேரணிக்கு என்னைக் கொடியசைக்கக் கூப்பிட்டார்கள். அருமையான பதாகைகள். பேரணி திரும்பி வரும்போது வாசலில் படுத்திருந்த நாயைக் காவலாளி கல்லால் அடித்து விரட்டினார், பேரணிக்கு இடைஞ்சலாம். பதாகை பிடித்த பிள்ளைகள் வரிசையாக நின்று பார்த்தார்கள். அன்றைக்கு அவர்கள் படித்த பாடம் எது என்று நினைக்கிறீர்கள்?

விட்டுக்கொடுப்பதில் லாபமும் இருக்கலாம், தப்பில்லை. வேடந்தாங்கலில் 200 வருடத்துக்கு முன்பே ஊர்க்காரர்கள், வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுடுகிறார்கள் என்று கலெக்டரிடம் முறையிட்டு, பறவைகளைக் காக்கும் உரிமையை எழுத்திலேயே வாங்கினார்கள். எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் பயிருக்கு உரம் என்பது அவர்களுக்குத் தெரியும்.

சரி, கிளிக்கு வருகிறேன். ஓர் அம்மா கூண்டோடு பச்சைக்கிளியைக் கொண்டுவந்தார். "எம் பிள்ளை மாதிரி வளர்க்கிறேன் டாக்டர். காலையில நான் காபி குடிச்சா அதுக்கும் ஒரு வாய் வேணும்" என்றார் பெருமையாக. கிளியின் மேல் அலகு வளர்ந்து தொண்டைப் பக்கம் வளைந்திருந்தது. சிறகு வெட்டப்பட்டிருந்தது. நெஞ்சில் ஒரு ரூபாய் நாணயம் அகலத்துக்கு இறகே இல்லை, அதுவே பிடுங்கிப் போட்டிருக்கிறது. கூட்டமாகப் பறந்து திரிய வேண்டிய பறவையை ஒற்றையாக அடைத்தால் அப்படித்தான் செய்யும். அந்த அம்மாவிடம் பாசத்துக்குக் குறைவில்லை. கிளிக்கு வேண்டியது பாசம் இல்லையே, இன்னும் நாலு கிளி!

பச்சைக்கிளி வளர்ப்பது 1972ஆம் வருட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். நம்மில் பாதிப் பேருக்கு இது தெரியாது. லவ் பேர்ட்ஸ் என்று விற்கிறார்களே, அது வெளிநாட்டுப் பறவை, அது வேறு. கிளி நம் காட்டுப் பறவை. இதைக் கேட்டுவிட்டு இன்று மாலையே கூண்டைத் திறந்து விட்டுவிடாதீர்கள், தயவுசெய்து. சிறகு வெட்டிய கிளி பூனைக்குத்தான் போகும். வனத்துறை அலுவலகத்தில் கொண்டுபோய் ஒப்படையுங்கள். அந்த அம்மா அழுதுகொண்டேதான் கொண்டுபோனார். கூடவே அவருடைய பேத்தியும் போனாள். அந்தப் பிள்ளை அன்று பார்த்ததை எந்தப் பேரணியும் கற்றுக்கொடுக்காது. பாருங்கள், இரண்டாவது முறையாகச் சொல்லிவிட்டேன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரல் காட்டுகிறார்கள். இரண்டு நிமிடமாம். குரங்கை விட்டுவிடுகிறேன். அழகர் கோவில் போனால் குரங்குக்கு சிப்ஸ் கொடுக்காதீர்கள், அதோடு அது முடிந்தது. நாயை விட முடியாது.

காட்டு உயிரிடமிருந்து தள்ளி நிற்க வேண்டும் என்று இவ்வளவு நேரம் சொன்னேன். வீட்டு நாயிடம் அது நேர்மாறு. குட்டி அழகாக இருக்கிறது என்று தூக்கிவந்து, வளர்ந்ததும் ஊர் எல்லையில் இறக்கிவிட்டு வருகிறவர்களை எனக்குத் தெரியும். தெருநாய்த் தொல்லை என்று மனு எழுதுகிறவர்களிலும் அவர்கள் இருக்கிறார்கள்! குட்டிக்கு மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி போடுங்கள், பிறகு டாக்டர் சொல்கிற தேதியில், வருடா வருடம். கருத்தடை செய்துவிடுங்கள்.

நாயோ பூனையோ கடித்தால், பிறாண்டினாலும்தான், முதலில் குழாயைத் திறந்து சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். கடிகாரத்தைப் பார்த்து 15 நிமிடம். மிளகாய்ப் பொடி, சுண்ணாம்பு, மஞ்சள் எதுவும் வேண்டாம். நேராக அரசு மருத்துவமனைக்குப் போங்கள், ஊசி இலவசம். தொப்புளைச் சுற்றி 14 ஊசி போட்டதெல்லாம் அந்தக் காலம். இப்போது கையில்தான் போடுகிறார்கள். வலிக்கும் என்று பயந்து ஒளிகிற பிள்ளைகளிடம் இதைச் சொல்லுங்கள். சொன்ன தேதிகளில் எல்லா ஊசியையும் போட்டுக்கொள்ள வேண்டும். இரண்டோடு நிறுத்தக் கூடாது. நோய் வெளியே தெரிந்துவிட்டால் அதற்குப் பிறகு எந்த டாக்டராலும் ஒன்றும் செய்ய முடியாது. வீட்டில் பிள்ளைகளிடம் கடி வாங்கினால் திட்ட மாட்டேன் என்று இன்றைக்கே சொல்லி வையுங்கள். திட்டுக்குப் பயந்து மறைக்கிற பிள்ளைதான்...

விளக்கு எரிந்துவிட்டது. வணக்கம்.