நாடு கைவிட்டுப் போகும் வேளையில் ஓர் அச்சகம்

அவையோருக்கு வணக்கம்.

இன்றைய மாண்டினீக்ரோவின் மலைப்பகுதியும் ஸ்கதார் ஏரிக்கரையும் 15-ஆம் நூற்றாண்டில் ஸேட்டா என்ற சிற்றரசாக இருந்தன. அதை ஆண்ட ஆர்த்தடாக்ஸ் கிறித்தவக் குடும்பம் சர்னோயெவிச். கடற்கரையில் இத்தாலிய வெனிஸ் குடியரசின் ஆட்சி, உள்நாட்டுப் பக்கம் துருக்கிய ஒட்டோமான் பேரரசின் படை. இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்ட நாடு.

அந்தக் குடும்பத்தில் வந்த ஸேட்டாவின் ஆட்சியாளர் இவான் சர்னோயெவிச்சின் தாய்மாமன் வேறு யாருமல்ல, ஒட்டோமான்களை 25 ஆண்டுகள் எதிர்த்து நின்ற அல்பேனியத் தலைவர் ஸ்கந்தர்பெக். ஆனால் இவானால் அப்படி நிற்க முடியவில்லை. 1478-இல் ஏரிக்கரைக் கோட்டையான ஜப்லியாக் விழுந்தது. இத்தாலிக்குத் தப்பினார். 1481-இல் ஒட்டோமான் சுல்தான் இரண்டாம் மெகமது இறந்ததும் திரும்பி வந்தார். சுல்தானின் மேலாண்மையை ஏற்று, கடைசி மகன் ஸ்தானிஷாவைப் பிணையாக அனுப்பிவைத்தார். லோவ்சென் மலையடியில் செட்டின்யே என்ற இடத்தில் அரண்மனை கட்டினார், 1484-இல் மடாலயமும் எழுப்பினார். கோழை என்று சிலர் சொல்லலாம். நான் சொல்ல மாட்டேன்.

அப்புறம் அவருடைய மூத்த மகன் ஜூராஜ் பட்டத்துக்கு வந்தார். படை பெருக்கப் பணம் இல்லை. அவர் அச்சகம் வைத்தார். செர்பியர், பல்கேரியர் போன்ற தென் ஸ்லாவியர் மண்ணில், அவர்கள் எழுதும் சிரிலிக் எழுத்தில் அச்சடித்த முதல் அச்சகம் அதுதான். 1494 ஜனவரியில் வெளிவந்தது ‘ஒக்டோயிஹ்’, அதாவது எட்டுப் பண்களில் பாடும் வழிபாட்டுப் பாடல்களின் முதல் பகுதி. கறுப்பும் சிவப்புமாக இரண்டு மையில் அச்சு, அழகழகான அலங்கார முதலெழுத்துகள். துறவி மக்காரியேயின் மேற்பார்வையில் எட்டுப் பேர் ஒரே ஆண்டில் முடித்தார்கள். எதற்கு இத்தனை பாடு? முன்னுரையே சொல்கிறது: படையெடுத்தவர்கள் நூல்களைக் கொள்ளையடித்தும் கிழித்தும் போட்டதால் தேவாலயங்கள் புனித நூல்கள் இல்லாமல் வெறுமையாகக் கிடக்கின்றன என்று. எழுதி எழுதிப் படியெடுத்து அந்தக் குறையைத் தீர்க்க எத்தனை காலம் ஆகும், யோசித்துப் பாருங்கள்! 1495-இல் விவிலியத்தின் சங்கீதங்கள் (திருப்பாடல்கள்) அடங்கிய நூலும் வந்தது.

1496-இல் சுல்தான் ஜூராஜை நாட்டைவிட்டு வெளியேற்றினார். மனைவி எலிசபெத்தா வெனிஸ் பிரபுக் குடும்பத்துப் பெண், அதனால் ஜூராஜ் வெனிஸுக்குப் போனார். பிணையாகப் போன தம்பி ஸ்தானிஷாவோ இஸ்லாத்தைத் தழுவி, ஸ்கந்தர் பே என்ற பெயரில் 1514-இல் சுல்தானின் ஆளுநராக அதே மண்ணுக்குத் திரும்பினார்.

ஆனால் செட்டின்யே மடாலயமும் அதன் ஆயர் பீடமும் நின்றன. பிற்காலத்தில் மாண்டினீக்ரோவை ஆண்ட ஆயர்கள் அங்கிருந்துதான் ஆண்டார்கள். 1508-இல் வலாக்கியாவில் (இன்றைய ருமேனியாவின் தென்பகுதி) முதல் நூலை அச்சிட்டவரின் பெயரும் துறவி மக்காரியே. அவரே இவர் என்றுதான் ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள்.