கடுகு டப்பாவுல இருக்கற கையிருப்பு

வணக்கம்ங்க. நான் ஒரு ஆஸ்பத்திரியில ஞாபக மறதி கிளினிக்ல டெஸ்ட் எடுக்கற சைக்காலஜிஸ்ட். போன மாசம் ஒரு பாட்டி வந்தாங்க, பூ கட்டி விக்கறவங்க, பள்ளிக்கூடப் பக்கமே போனதில்ல. 100லருந்து ஏழு ஏழா கழிச்சுட்டே வாங்கன்னேன், "அதெல்லாம் தெரியாது கண்ணு"ன்னுட்டாங்க. பென்சிலக் குடுத்து படம் வரையச் சொன்னா அத கரண்டி மாதிரி புடிக்கறாங்க. ஸ்கோர் போச்சு. ஆனா வெளிய போகும்போது எந்த வீட்ல எத்தன முழம் பாக்கின்னு தெரு வரிசையா மகன்கிட்ட ஒப்பிச்சுட்டே போறாங்க, அவர் நோட்டப் பாத்து தலையாட்டிட்டே பின்னாடி போறார்.

அதனால படிச்சவங்களுக்கு மறதி நோய் கம்மின்னு யாராவது சொன்னா நான் கொஞ்சம் நின்னுதான் கேப்பேன். அவங்க சும்மா சொல்றது இல்ல, அதுக்கும் ஆதாரம் இருக்கு. 1994ல வந்த ஒரு ஆராய்ச்சில, கொலம்பியா யுனிவர்சிட்டி யாகோவ் ஸ்டெர்ன் டீம், நியூயார்க்ல வடக்கு மன்ஹாட்டன்ல 593 பெரியவங்கள ஃபாலோ பண்ணாங்க. எட்டு வருஷத்துக்கும் கம்மியா படிச்சவங்களுக்கு டிமென்ஷியா, அதாவது இந்த மறதி நோய், வர்ற ரிஸ்க் சுமார் ரெண்டு மடங்கு, வேலையும் கீழ்நிலைன்னா கிட்டத்தட்ட மூணு மடங்கு. ஆனா ஒண்ணு, அவங்க கணக்குல கைத்தொழில்காரர், கிளார்க் எல்லாரும் அந்தக் கீழ்நிலை லிஸ்ட்லதான். ஒரு நல்ல ஆசாரி மனசுலயே போடற அளவுக்கணக்கப் பாத்தவங்க அப்படி எழுதுவாங்களா?

சரி, படிப்பு எப்படிக் காப்பாத்துது? நோயத் தடுக்குதான்னா, அங்கதான் விஷயமே இருக்கு. அமெரிக்காவுல டேவிட் ஸ்னோடன்னு ஒருத்தர் 678 கன்னியாஸ்திரிகள வருஷக்கணக்கா ஆராய்ஞ்சார், இறந்தப்புறம் மூளையயும் தானமா குடுத்தாங்க. அதுல சிஸ்டர் மேரின்னு அவர் குறிப்பிடறவங்க 84 வயசு வரைக்கும் பாடம் எடுத்தவங்க, 101 வயசுல இறந்தாங்க, அதுக்குச் சில மாசம் முன்னாடி கூட டெஸ்ட்ல 30க்கு 27. மூளையத் திறந்து பாத்தா அல்சைமர்ங்கற மறதி நோய்க்கான புரதப் படிவும் சிக்கலும் ஏகப்பட்டது! எடை வெறும் 870 கிராம்.

நோய் உள்ள வந்துருச்சு, வெளிய தெரியல, அவ்ளோதான். இதத்தான் காக்னிட்டிவ் ரிசர்வ்ங்கறாங்க, நான் கையிருப்புன்னு சொல்வேன். வீட்ல சம்பளம் நின்னுபோச்சு, ஆனா அம்மா கடுகு டப்பாவுல, அரிசிப் பானைல, புடவை மடிப்புலன்னு ஒளிச்சு வெச்சிருந்தா நாலு மாசத்துக்கு பக்கத்து வீட்டுக்குத் தெரியவே தெரியாதுல்ல, அந்த மாதிரி. டப்பா காலியானா மட்டும் எல்லாமே ஒண்ணா சரியும். ரிசர்வ் நிறைய இருக்கறவங்களுக்கு நோய் வெளிய தெரிஞ்சப்புறம் வேகமா இறங்கறது பல ஆராய்ச்சில பதிவாகியிருக்கு.

இந்தக் கையிருப்பு காலேஜ்ல மட்டும் சேர்றதில்லீங்க. ஹைதராபாத்ல சுவர்ணா அல்லாடி டீம் 648 டிமென்ஷியா நோயாளிகளப் பாத்தாங்க, 2013ல வந்தது. ரெண்டு மொழி பேசறவங்களுக்கு நோய் சராசரியா நாலரை வருஷம் தள்ளித்தான் ஆரம்பிச்சிருக்கு. எழுதப் படிக்கத் தெரியாதவங்க கிட்டயும் இந்த மாதிரி வித்தியாசம் தெரிஞ்சது. எனக்கு ரொம்பப் புடிச்ச ரிசல்ட் இதுதான். தெலுங்குல பேரம் பேசி, உருதுல சண்ட போட்டு, இன்னொண்ணுல கணக்குப் பாக்கறதெல்லாம் மூளைக்கு வேலதானே. 2024ல அமெரிக்க இறப்புச் சான்றிதழ்கள வெச்சு 443 தொழில்களப் பாத்தப்போ, அல்சைமர் சாவு ரொம்பக் கம்மியா இருந்தது டாக்ஸி டிரைவர், ஆம்புலன்ஸ் டிரைவர் கிட்ட. ஒரே ரூட்ல போற பஸ் டிரைவர் கிட்ட அது தெரியல. இதனாலதான் அதுன்னு அடிச்சுச் சொல்ல முடியாது, வழி மறக்கறவர் டாக்ஸி ஓட்டாம முன்னாடியே விலகியிருக்கலாம்.

எங்க கிளினிக்ல எனக்குக் கவலையா இருக்கறது படிச்சவங்க வீடுதான். அந்தப் பாட்டி வந்த அதே வாரம் ஒரு ரிட்டயர்ட் ஹெட்மாஸ்டர் வந்தார், 30க்கு 28, எழுந்து நின்னு எனக்கே ஒரு குறள் விளக்கம் சொன்னார். கூட வந்த மக தயங்கித் தயங்கி, "மேடம், அப்பா மூணு மாசமா கரண்ட் பில்ல ரெண்டு ரெண்டு தடவ கட்டறார், கேட்டா கோவப்படறார்"ன்னாங்க. நான் ஸ்கோர் ஷீட்ட மடிச்சு ஓரமா வெச்சுட்டு, அவர வெளிய டீ குடிக்க அனுப்பிட்டு, "நீங்க உக்காருங்கம்மா, மொதல்லருந்து சொல்லுங்க"ன்னேன்.