பிலிப்பின் பேத்தி

நேயர்களுக்கு வணக்கம். அலெக்சாண்டர் கி.மு. 323இல் பாபிலோனில் இறந்த பிறகு நடந்த வாரிசுச் சண்டை என்றால் தளபதிகளின் பெயர்கள்தான் நமக்கு நினைவுக்கு வரும். இன்று நான் பேச வந்தது அதேயா என்ற இளம்பெண்ணைப் பற்றி.

அலெக்சாண்டரின் நாடான மாசிடோனியாவில் மூத்த மகனுக்கே பட்டம் என்று விதி எதுவும் இல்லை. அரச ரத்தம் வேண்டும், படைவீரர்கள் ஏற்க வேண்டும். அவர்கள் இருவரை ஏற்றார்கள். ஒருவர் அலெக்சாண்டரின் தந்தை பிலிப்புக்கு வேறொரு மனைவியிடம் பிறந்த அரிடேயஸ். அறிவு வளர்ச்சியில் குறை இருந்தவர். இன்னொருவர் அலெக்சாண்டரின் மனைவி ரொக்சானா பெற்ற கைக்குழந்தை. இருவராலும் ஆள முடியாது. அப்புறம் என்ன, இவர்களைக் கையில் வைத்திருப்பவருக்கே அதிகாரம்.

பிலிப்பின் மகள் கைனானே இதைச் சரியாகப் புரிந்துகொண்டார். போர்ப்பயிற்சி பெற்றவர், மகள் அதேயாவுக்கும் அதைக் கற்றுக்கொடுத்தவர். கணவரை அலெக்சாண்டர் ஏற்கெனவே கொன்றிருந்தார். கைனானே தன் மகளை அரிடேயஸுக்கு, அதாவது தாய்மாமனுக்கே, கட்டிவைக்க நினைத்தார். சொந்தமாகப் படை திரட்டி ஆசியாவுக்குப் புறப்பட்டார். வழிமறித்த தளபதி அல்கேதாஸ் அவரைக் கொன்றுவிட்டார். பிலிப்பின் மகள் வெட்டுண்டதும் அல்கேதாஸின் வீரர்களே கொதித்தெழுந்து, கல்யாணம் நடந்தே ஆக வேண்டும் என்றார்கள். நடந்தது. தாயைப் பறிகொடுத்த அதேயா, யூரிடிஸ் என்ற பெயரோடு அரசியானார்.

பொம்மையாக இருக்க அவர் சம்மதிக்கவில்லை. சிரியாவில் சம்பளப் பாக்கிக்காகக் கொந்தளித்த படையின் முன் நின்று ஆண்டிபேட்டருக்கு எதிராகப் பேசினார். அந்த மூத்த தளபதி உயிர் தப்பியதே பெரிய விஷயம். கி.மு. 317இல் கணவர் பெயரில் ஆட்சியைத் தானே எடுத்துக்கொண்டு, ஆண்டிபேட்டரின் மகன் கசாண்டரைத் துணைக்குச் சேர்த்தார்.

பேரனின் உரிமைக்காக அலெக்சாண்டரின் தாய் ஒலிம்பியாஸ் பக்கத்து நாடான எபிரஸிலிருந்து படையோடு வந்தார். பெண்களுக்குள் நடந்த முதல் போர் இது என்று பழைய கிரேக்க ஆசிரியர் ஒருவர் எழுதினார். ஆனால் ஒலிம்பியாஸைக் கண்டதும் யூரிடிஸின் வீரர்கள் அந்தப் பக்கம் போய்விட்டார்கள். அரிடேயஸ் கொல்லப்பட்டார். யூரிடிஸுக்கு வாள், கயிறு, விஷம் மூன்றையும் அனுப்பி, ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். கணவரின் காயங்களைக் கழுவிவிட்டு, தன் இடைக்கச்சிலேயே தூக்கிட்டுக்கொண்டார். இருபதை ஒட்டிய வயதுதான் இருக்கும்.

ஒலிம்பியாஸ் அதோடு நிற்கவில்லை. கசாண்டரின் தம்பியையும் அவருடைய நண்பர்கள் 100 பேரையும் கொன்றார். இதைப் பெண்ணின் வெறி என்று எழுதுவதை என்னால் ஏற்க முடியவில்லை. தளபதிகளும் இதையேதான் செய்தார்கள். அவர்கள் செய்தபோது அது அரசியல் என்று பெயர் பெற்றது.

கசாண்டர் பிட்னா கோட்டையை முற்றுகையிட்டு, பட்டினி போட்டு, ஒலிம்பியாஸைச் சரணடையவைத்தார். அவரைக் கொல்ல 200 வீரர்களை அனுப்பினால், அலெக்சாண்டரின் தாய் மீது கைவைக்க அவர்களுக்கு மனம் வரவில்லை. கடைசியில் அவரால் பலியானவர்களின் உறவினர்களே கொன்றார்கள். படைபலம் எல்லாம் கையில் இருந்தும் கசாண்டருக்கு அது போதவில்லை. யூரிடிஸையும் அரிடேயஸையும் அரச மரியாதையோடு அடக்கம் செய்தார். பிலிப்பின் இன்னொரு மகள் தெசலோனிக்கேயைத் தானே மணந்துகொண்டார்.