இரவல் வாத்தியம்

(மதுரையில் பள்ளி, கல்லூரிப் பாடகர் குழு மாணவர்கள் கூடிய ஒரு சனிக்கிழமை மாலையில் பேசியதன் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம்.

கூட்டம் தொடங்கும் முன்னால், முன்வரிசையில் இருக்கிற தம்பி ஒருவர் என்னிடம் வந்து, "சார், கண்டக்டர் ஆகணும்னா வீட்டுல எதை வச்சுப் பழகுறது?" என்று கேட்டார். பக்கத்தில் நின்ற நண்பர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் கேட்டது பஸ் கண்டக்டரைப் பற்றி இல்லை; பாடகர் குழுவுக்கோ ஆர்கெஸ்ட்ராவுக்கோ எதிரே நின்று, கை காட்டி எல்லோரையும் ஒன்றாக நடத்துகிறவரைப் பற்றி. முப்பது வருடமாக இந்த ஊரில் ஒரு தேவாலயப் பாடகர் குழுவை நடத்திக்கொண்டிருக்கிறேன். இந்த வேலையைப் பற்றி இவ்வளவு சரியான கேள்வியை இதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை. எழுதி வைத்துக்கொண்டு வந்ததை ஓரமாக வைத்துவிட்டு அந்தக் கேள்விக்கே பதில் சொல்லப் பார்க்கிறேன்.

வயலின் படிக்கிறவருக்கு வயலின் இருக்கிறது. கதவைச் சாத்திக்கொண்டு ராத்திரி பதினோரு மணி வரைக்கும் ஒரே வரியை நூறு தடவை வாசிக்கலாம். தப்பு வந்தால் சுவருக்கு மட்டும்தான் தெரியும். கண்டக்டருக்கு வாத்தியம் மனிதர்கள். 40 பேர் பாடுகிற குழு, 80 பேர் வாசிக்கிற ஆர்கெஸ்ட்ரா. (நம் ஊரில் ஆர்கெஸ்ட்ரா என்றால் கல்யாண வீட்டு மெல்லிசைக் கச்சேரி. நான் சொல்வது சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா: வயலின், குழல், பித்தளை வாத்தியங்கள் எல்லாம் சேர்ந்து வாசிக்கிற மேற்கத்திய இசைக்குழு.) அதை வீட்டில் யாரும் வைத்திருக்க முடியாது. கண்ணாடி முன்னால் நின்று கை வீசலாம். கண்ணாடி பிந்தாது, சுருதி இறங்காது, மூச்சு வாங்காது. அதனால் அதில் கற்றுக்கொள்ளவும் ஒன்றும் இல்லை. யாரோ ஒருவர் தன் குழுவை உங்களுக்கு இரவலாகக் கொடுத்தால்தான் இந்தத் தொழில் கைக்கு வரும். பெரிய கண்டக்டர்களின் வாழ்க்கையைப் படிக்கும்போதெல்லாம் நான் தேடுவது அதைத்தான்: இவருக்கு முதலில் இரவல் கொடுத்தது யார்?

அதற்கு முன்னால், இப்படி ஒரு ஆள் எதற்கு என்று கேட்பீர்கள். நியாயம்தான். நம் இசையில் எதிரே நின்று கை காட்டுகிற ஆள் கிடையாது. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் மாதவியின் அரங்கேற்றத்தைப் பாருங்கள். குழலைத் தொடர்ந்து யாழ், யாழைத் தொடர்ந்து தண்ணுமை, தண்ணுமைக்குப் பின்னால் முழவு என்று ஒவ்வொன்றும் முன்னால் போவதைக் காதால் பிடித்துக்கொண்டு வருகிறது. இன்றைக்கும் நாதஸ்வரமும் தவிலும் அப்படித்தான் சேருகின்றன. ஐந்து பேர், பத்து பேர் நெருக்கமாக உட்கார்ந்திருக்கும்போது இதைவிட அழகான ஏற்பாடு இல்லை. எண்பது பேர் உட்கார்ந்தால் கதை வேறு. ஒலி ஒரு நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். மேடையின் ஒரு கோடியிலிருந்து 17 மீட்டர் தள்ளி இருக்கிறவர் காதால் கேட்டு வாசித்தால், ஒரு நொடியில் இருபதில் ஒரு பங்கு பிந்தியே வாசிப்பார். வேகமான பாட்டில் அது நன்றாகவே காட்டிக்கொடுக்கும். அவரைக் கேட்டு அடுத்தவர் இன்னும் பிந்துவார். கண்ணுக்கு அந்தத் தாமதம் கிடையாது. அதனால்தான் எல்லோரும் பார்க்கிற இடத்தில் ஒரு கை வேண்டியிருக்கிறது.

அந்தக் கையும் முதலில் சத்தம் போட்டுக்கொண்டுதான் இருந்தது. நம் தாளத்தில் தட்டுவது சசப்த கிரியை, விரல் எண்ணுவதும் வீசுவதும் நிசப்த கிரியை என்று படித்திருப்பீர்கள். பிரான்சில் பதினான்காம் லூயி மன்னரின் அரண்மனை இசைஞர் லுல்லி, கனமான கோலைத் தரையில் இடித்துத் தாளம் போட்டவர். 1687-இல் மன்னர் உடல் தேறியதற்காக நடந்த நன்றிப் பாடலின்போது கோல் அவர் காலில் விழுந்தது. புண் புரையோடி இறந்துபோனார். அதற்கப்புறம் நூறு, நூற்றைம்பது வருடத்தில் கோல் சின்னக் குச்சியாகி, தரையை விட்டுக் காற்றுக்கு வந்தது. 1835-இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் இசையமைப்பாளர் மெண்டல்சன் நின்றபோது கையில் குச்சியும் எதிரே அதைப் பார்த்து வாசிக்கிற ஆர்கெஸ்ட்ராவும் இருந்தன. சசப்தம் முழுக்க நிசப்தமாகிவிட்டது.

சரி, இரவல் கதைக்கு வருகிறேன்.

1886, ரியோ டி ஜெனிரோ. இத்தாலியிலிருந்து வந்த ஒரு ஓபரா குழு, அதாவது பாட்டாலேயே நாடகம் நடத்துகிறவர்கள். அன்று ராத்திரி கண்டக்டர் இல்லை. பதிலுக்கு நின்றவர்களைக் கூட்டம் கூச்சல் போட்டு இறக்கிவிட்டது. வாசிக்கிறவர்களுக்கு நடுவிலிருந்து 19 வயதுப் பையன் ஒருவனை எழுப்பி மேடையேற்றினார்கள். செல்லோ என்கிற பெரிய வயலின் மாதிரி வாத்தியத்தை வாசிக்க வந்த பையன். அவன் இசைக் குறிப்புப் புத்தகத்தைப் பார்க்காமலே முழு ஓபராவையும் நடத்தி முடித்தான். அவன்தான் ஆர்துரோ டோஸ்கனீனி. இதை எல்லோரும் அதிசயமாகச் சொல்வார்கள். நான் இதில் பார்ப்பது வேறு. அந்தப் பயணத்தில் அவருக்கு இன்னொரு வேலையும் இருந்தது: கோரஸ் பாடுகிறவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிற துணை ஆசிரியர் வேலை. கோரஸைப் பழக்கிப் பழக்கித்தான் பாட்டு மனசுக்குள் போயிருக்கும். பாடகர்களோடு உட்கார்ந்து உழைத்த பையனிடம்தான் அன்றைக்கு ஆர்கெஸ்ட்ராவைக் கொடுத்தார்கள்.

நியூயார்க்கில் 1943 நவம்பர் 14 அன்று நடந்ததும் ஏறக்குறைய இதேதான். அன்று ஆர்கெஸ்ட்ராவை நடத்த வேண்டிய கண்டக்டர் புரூனோ வால்டருக்குக் காய்ச்சல். உதவிக் கண்டக்டர் லெனர்ட் பெர்ன்ஸ்டீனுக்கு 25 வயது. ஒத்திகை இல்லாமல் மேடையேறினார். அது நாடு முழுவதும் ரேடியோவில் ஒலிபரப்பானது. மறுநாள் பத்திரிகையின் முதல் பக்கத்தில் அவர் பெயர். உதவிக் கண்டக்டர் வேலை என்றால் என்ன தெரியுமா? ஒத்திகை நடக்கும்போது அரங்கின் பின்வரிசையில் போய் உட்கார்ந்து, குழல் மேலே வருகிறதா, பித்தளை வாத்தியங்கள் மற்றதை அமுக்குகிறதா என்று கேட்டுச் சொல்ல வேண்டும். மேடையில் நடக்கிற எல்லாப் பாட்டையும் தானே நடத்தப் போகிற மாதிரி படித்து வைத்திருக்க வேண்டும். பெரும்பாலான வாரங்களில் அதற்குத் தேவை வராது. வராது என்று தெரிந்தும் படிக்கிறார்களே, அந்த ஒழுங்கின் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

நம் நாட்டுக்காரர் ஜூபின் மேத்தாவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 1936-இல் பம்பாயில் ஒரு பார்சிக் குடும்பத்தில் பிறந்தவர். அப்பா மெஹ்லி மேத்தா தானாகவே வயலின் கற்றுக்கொண்டு 1935-இல் பம்பாய் சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவைத் தொடங்கியவர். மகன் பதினாறு வயதளவிலேயே அந்த ஒத்திகைகளில் நின்று பழகினார். முதல் இரவல் அப்பா கொடுத்தது. டாக்டர் படிப்புக்கென்று சேர்ந்ததைப் பாதியில் விட்டுவிட்டு, 18 வயதில் வியன்னாவுக்குப் போய் கண்டக்டர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிற ஹான்ஸ் ஸ்வரோவ்ஸ்கியிடம் சேர்ந்தார். அவர் வாசித்த வாத்தியம் டபுள் பாஸ்: வயலின் மாதிரி வாத்தியங்களில் மிகப் பெரியது, ஆர்கெஸ்ட்ராவின் அடித்தளம்.

அங்கே கராயான், வால்டர் மாதிரி பெரிய கண்டக்டர்கள் எப்படி ஒத்திகை பார்க்கிறார்கள் என்று பக்கத்திலிருந்து பார்க்க ஆசை. வெளியாட்களுக்கு அனுமதி கிடையாது. என்ன செய்தார்கள் தெரியுமா? அவரும் கூடப் படித்த கிளாடியோ அபாடோவும் ஒத்திகை நடக்கிற அரங்கத்துப் பாடகர் குழுவில், ஆண்களின் கீழ்க்குரலான பாஸ் குரலில் சேர்ந்துகொண்டார்கள்! பின்னாளில் ஒருவர் நியூயார்க் ஆர்கெஸ்ட்ராவுக்கும் மற்றவர் பெர்லின் ஆர்கெஸ்ட்ராவுக்கும் தலைமை ஏற்றார்கள். அந்த இருவரும் மாணவர்களாகப் பாஸ் வரிசையில் நின்று, எதிரே இருந்த கைகளைப் பார்த்தபடி பாடியிருக்கிறார்கள். பாஸ் பாடுகிற தம்பிகள் இதை மறக்க வேண்டாம்.

1956-இல் ஹங்கேரியில் கிளர்ச்சி ஒடுக்கப்பட்டு அகதிகள் ஆஸ்திரியாவுக்குள் வந்தபோது, மேத்தா ஏழே நாளில் மாணவர்களைச் சேர்த்து ஒரு ஆர்கெஸ்ட்ரா உண்டாக்கி, வியன்னாவுக்கு வெளியே ஒரு அகதி முகாமில் வாசிக்க வைத்தார். இருபது வயது. அவர் வாழ்க்கையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான். 1958-இல் லிவர்பூல் போட்டியில் முதல் பரிசு. அப்புறம் அங்கேயும் இங்கேயும் உடம்பு சரியில்லாத கண்டக்டர்களுக்குப் பதிலாக நின்றார். லாஸ் ஏஞ்சலஸில் ஃபிரிட்ஸ் ரைனருக்குப் பதிலாக நின்றது 1962-இல் அந்த ஆர்கெஸ்ட்ராவின் தலைமையில் போய் முடிந்தது. பிறகு 1978 முதல் 1991 வரை நியூயார்க். இஸ்ரேல் ஆர்கெஸ்ட்ராவோடு 2019 வரைக்கும். 2005 டிசம்பர் 26 அன்று, சுனாமி வந்து சரியாக ஒரு வருடம் ஆன நாளில், பவேரிய ஆர்கெஸ்ட்ராவோடு சென்னை மியூசிக் அகாடமியில் வாசித்தார்.

இரவலே கிடைக்காதவர்களும் உண்டு. மாரின் ஆல்சப் ஒன்பது வயதில் பெர்ன்ஸ்டீனின் கச்சேரியைப் பார்த்துவிட்டு, நானும் இதைத்தான் செய்யப் போகிறேன் என்று முடிவு செய்தவர். பெண் பிள்ளைகள் இதைச் செய்ய முடியாது என்று அவருக்குச் சொன்னார்கள். யாரும் குழு தராததால் 1984-இல் தானே ஒரு ஆர்கெஸ்ட்ராவை உண்டாக்கினார். 2007-இல் பால்டிமோர் சிம்பொனியின் தலைமைக்கு வந்தார். நம் பாடகர் குழுக்களைப் பாருங்கள். மேல்குரல் சோப்ரானோ, கீழ்க்குரல் ஆல்டோ என்று பாதிக்கு மேல் பெண்கள். முன்னால் நிற்பது பெரும்பாலும் ஆண். என் குழுவிலும் முப்பது வருடமாக அப்படித்தான். அது தப்பு. இனிமேலாவது சரி செய்ய வேண்டும்.

எனக்கு யார் இரவல் கொடுத்தார்கள் என்று சொல்லிவிடுகிறேன். எனக்கு அப்போது 24 வயது. ஆண்களின் மேல்குரலான டெனர் பாடிக்கொண்டிருந்தேன். ஈஸ்டருக்கு மூன்று வாரம் இருக்கும்போது எங்கள் கொயர் மாஸ்டருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. என்னைக் கூப்பிட்டு, நீ நில் என்றார். நான் பெரிதாகக் கை வீசினேன். வீச வீசக் குழு பிந்திக்கொண்டே போனது. ஒத்திகை முடிந்ததும், மில் ஷிப்டிலிருந்து நேரே வந்து பாஸ் பாடுகிற பெரியவர் ஒருவர் என் பக்கத்தில் வந்தார். "தம்பி, நாங்க உங்க கையைத்தான் பாத்துக்கிட்டு இருந்தோம். நீங்க எங்க மூச்சைப் பாக்கவே இல்லையே" என்றார்.

அடுத்த வாரம் முதல் தட்டுக்கு முன்னால் அவர்களோடு சேர்ந்து மூச்சு இழுத்தேன். நாற்பது பேரும் ஒரே நொடியில் வாய் திறந்தார்கள். கீழே, இடம், வலம், மேலே என்று நாலு தட்டைப் பத்து நிமிஷத்தில் கற்றுக்கொள்ளலாம். அந்த முதல் தட்டுக்கு முந்தின மூச்சு கைவர எனக்குப் பல வருடம் ஆனது.

தமிழில் சேர்ந்திசை என்று சொன்னால் எம்.பி. சீனிவாசனைச் சொல்லாமல் இருக்க முடியாது. சினிமா இசையமைப்பாளர் என்று அறியப்பட்டவர். சென்னையில் இளைஞர்களைச் சேர்த்து, பாரதி பாட்டையும் நாட்டுப் பாட்டையும் பல குரலில் பாட வைத்தார். பாட்டுப் பின்னணியே இல்லாதவர்களைக்கூடச் சேர்த்துக்கொண்டார். நான்கு குரல் பாட்டு தேவாலயத்துக்கு மட்டும் உரியது என்ற எண்ணத்தை உடைத்தவர் அவர். கோயில் பஜனைக் குழுவிலிருந்து வந்திருக்கிற பிள்ளைகளும் இங்கே இருக்கிறீர்கள். உங்களுக்கும் இது பொருந்தும்.

இன்னொன்று. 2025 மார்ச் 8 அன்று லண்டனில் இளையராஜாவின் சிம்பொனி அரங்கேறியபோது நம் ஊர்ப் பக்கம் எவ்வளவு சந்தோஷப்பட்டோம்! பண்ணைப்புரம் அன்றைய மதுரை மாவட்டம்தானே. அன்று எழுதியவர் அவர். மேடையில் குச்சி பிடித்து நடத்தியவர் மிக்கேல் டாம்ஸ். எழுதுவது ஒரு தொழில், நடத்துவது ஒரு தொழில். நாம் இரண்டையும் ஒன்றாகவே நினைத்துப் பழகிவிட்டோம்.

பிழைப்பைப் பற்றியும் பெற்றோர் கேட்பார்கள். இந்தியாவில் முழுநேரத் தொழில்முறை சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா என்று சொல்ல மும்பையில் 2006-இல் தொடங்கியது ஒன்றுதான் இருக்கிறது. சென்னையில் ஏ.ஆர். ரகுமான் தொடங்கிய இசைப் பள்ளியில் மேற்கத்திய இசையை முறையாகப் படிக்கலாம். பள்ளிகளில் இசை ஆசிரியர் வேலை, ஒலிப்பதிவுக் கூடத்தில் வாத்தியக்காரர்களை நடத்துகிற வேலை, இவை உண்டு. தேவாலயக் குழுவில் சம்பளம் எதிர்பார்க்காதீர்கள். நான் கணக்கு வாத்தியாராக இருந்துதான் குடும்பத்தை நடத்தினேன். ஆனால் இது சீக்கிரம் ஓய்வு கொடுக்கிற தொழில் இல்லை. 1927-இல் பிறந்த ஹெர்பர்ட் ப்ளூம்ஸ்டெட் 95 வயது தாண்டியும் மேடையில் நின்றார்.

இப்போது அந்தத் தம்பியின் கேள்வி. வீட்டில் பழக ஒன்றே ஒன்று இருக்கிறது, தம்பி: ஸ்கோர். நாலு குரலும் ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக அச்சான தாள். ஒரு பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். சொல்ஃபாவில், அதாவது டோ-ரே-மி என்று ஸ்வரம் சொல்லி, சோப்ரானோவை முழுதும் பாடுங்கள். அப்புறம் ஆல்டோ, டெனர், பாஸ். நாலையும் மனப்பாடமாகப் பாட வந்த பிறகு, வாயை மூடிக்கொண்டு நாலையும் ஒன்றாக மனசுக்குள் கேட்டுப் பாருங்கள். எங்கே யார் மூச்சு வாங்க வேண்டும் என்று பென்சிலால் குறியுங்கள். ஒரு பாட்டுக்கு ஒரு மாதம் ஆகலாம். ஆகட்டும்.

மீதியை நான் தருகிறேன். ஜூன் மாதத்திலிருந்து சனிக்கிழமை ஆறு மணிக்கு எங்கள் ஒத்திகையில் முதல் அரை மணி நேரம் நான் பாஸ் வரிசையில் போய் உட்கார்ந்துகொள்வேன். முன்னால் நிற்கப் போவது உங்களில் ஒருவர், வாரம் ஒருவர். முதல் நாலு வாரம் தங்கச்சிகளுக்கு. ஆல்டோ குரல் காதில் விழுவதற்காக ஃபேனை நிறுத்திவிடுவோம், வியர்க்கும், கைக்குட்டை கொண்டு வாருங்கள். கேள்வி கேட்ட தம்பி, உங்களுக்கு ஐந்தாவது சனிக்கிழமை. போகும்போது என்னிடம் ஸ்கோரை வாங்கிக்கொண்டு போங்கள்.