கேட்டவளுக்குத்தான் கோயில் கட்டினோம்

அன்பான நேயர்களுக்கு வணக்கம்.

வைகாசி மாதம் இது. நம் கிழக்குக் கரையில் காரைதீவிலும் தம்பிலுவிலிலும் செட்டிபாளையத்திலும் இன்னும் எத்தனையோ ஊர்களிலும் கண்ணகி அம்மன் கோயில்களில் கதவு திறந்து சடங்கு நடக்கிற காலம். இந்த நேரம் பார்த்து, கடவுள் எப்படிப்பட்டவர், மதங்களால் நமக்கு என்ன பயன் என்றெல்லாம் வானொலியில் பேசப் போகிறேன் என்றதும், "இப்ப வேணாம் சேர், சடங்கு முடியட்டும்" என்று சொன்னவர்கள் இருக்கிறார்கள். அக்கறையோடுதான் சொன்னார்கள். ஆனால் என்னைக் கேட்டால், இந்தப் பேச்சுக்கு இதைவிடப் பொருத்தமான மாதம் கிடையாது. தெய்வம் உண்டா என்று ஊரறிய வாய்விட்டுக் கேட்டவள்தானே நாம் கும்பிடுகிற இந்த அம்மன்.

சிலப்பதிகாரத்தில் அந்த இடம் ஊர்சூழ்வரியில் வருகிறது. மதுரைத் தெருவில் வெட்டுண்டு கிடக்கிற கோவலனைக் கண்ட பிறகு கண்ணகி கேட்கிறாள். இந்த ஊரில் பெண்கள் இல்லையா? சான்றோர் இல்லையா? கடைசியில், "தெய்வமும் உண்டுகொல், தெய்வமும் உண்டுகொல்". கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. அதற்கு முன்பே அவள் சூரியனைப் பார்த்து, என் கணவன் கள்வனா என்று கேட்டுவிட்டாள். கள்வன் அல்லன் என்று பதிலும் வந்துவிட்டது. அதாவது ஒரு தெய்வம் அவளோடு பேசிய பிறகும், தெய்வம் உண்டா என்று அவள் கேட்கிறாள். பதில் வந்ததே தவிர, புருஷன் எழுந்து வந்து குடும்பம் நடத்தவில்லையே. தெய்வம் பேசுவது போதாது, நியாயம் வேண்டும் என்பதுதான் அவள் வழக்கு.

காப்பியம் படித்தவர்கள் உடனே சொல்வார்கள்: பிறகு மதுராபதித் தெய்வம் வந்து பழவினையைச் சொல்லி விளக்குகிறதே, முற்பிறப்பில் கோவலன் செய்த கொலைதான் காரணம் என்கிறதே என்று. உண்மை, இளங்கோ அதையும் வைத்திருக்கிறார். ஆனால் நம் முன்னோர் மட்டக்களப்பு வாவியின் இரு கரையிலும் ஊருக்கு ஊர் யாருக்குக் கோயில் எடுத்தார்கள்? விளக்கம் சொன்ன மதுராபதிக்கு அல்ல, கேட்டவளுக்கு. கண்ணகி கதையைப் பாட்டாகச் சொல்லும் வழக்குரை படிக்கிற இரவில் பாண்டியன் சபையில் சிலம்பு உடைகிற கட்டம் வந்ததும் கூட்டம் எப்படி இறுகிப் போகிறது என்று பார்த்திருப்பீர்கள். உடுக்குச் சத்தம் ஏற ஏற, முன்வரிசையில் இருக்கிற கிழவிகள் சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுவார்கள். அடுத்து குளிர்த்தி. வேப்பிலையும் தண்ணீரும் கொண்டு அவளைக் குளிரச் செய்கிறோம். உன் கோபம் பிழை என்று அங்கே ஒருவரும் அவளுக்குப் போதிப்பதில்லை. கோபம் நியாயமானது என்று ஒப்புக்கொண்டு, அதன் சூட்டைத்தான் ஆற்றப் பார்க்கிறோம். நமது சமயத்தில் எனக்கு மிகப் பிடித்த சடங்கு இதுதான்.

இதை ஏன் இவ்வளவு நேரம் சொல்கிறேன் என்றால், 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நாம் இதற்கு நேர்மாறாக நடந்துகொண்டோம்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. பூரணை தினம். நத்தாருக்கு மறுநாள். நாவலடி, கல்லாறு, மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, திருக்கோவில் என்று கரை முழுவதும் கடல் ஏறியது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கு மேற்பட்டவர்கள் போனார்கள். இலங்கையில் வேறெந்த மாவட்டத்துக்கும் அவ்வளவு இழப்பு இல்லை. பிணங்களை அடக்கி முடிப்பதற்குள் விளக்கங்கள் கிளம்பிவிட்டன. வழிபாடு குறைந்ததால் வந்த தண்டனை என்றார்கள். மார்க்கத்தை விட்டு விலகியதால் வந்த எச்சரிக்கை என்றார்கள். கடைசிக் காலத்தின் அடையாளம் என்றார்கள். அவரவர் கர்மா என்றார்கள். எந்த மதமும் இதில் பின்தங்கவில்லை. பிள்ளையை இழந்த தாய் முன்னால் குந்தியிருக்க, அவளுக்குக் கேட்கவே இதைச் சொன்னவர்கள் உண்டு. எனக்கு அது இன்றுவரை பொறுக்கவில்லை.

அந்தக் காலத்தில் நான் சைவ சமயம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். நம் நாட்டில் சாதாரண தரப் பரீட்சை வரைக்கும் சமயம் கட்டாயப் பாடம். பெற்றோருடைய சமயம் எதுவோ அதுதான் பிள்ளைக்கும். எனக்குச் சமயம் வேண்டாம், நான் இன்னும் யோசிக்கிறேன் என்று சொல்வதற்கு அதில் ஒரு கட்டம் கிடையாது. இறைவனின் குணங்கள் பாடம் நடக்கிறது. முற்றும் அறிதல், எல்லாம் வல்லவர், பேரருள் உடையவர் என்று கரும்பலகையில் எழுதுகிறேன். தாயைக் கடலுக்குக் கொடுத்த பிள்ளை ஒன்று எழும்பிக் கேட்டது: "சேர், அவர் எல்லாம் அறிஞ்சவரெண்டா ஏழு மணிக்கே தெரிஞ்சிருக்கும்தானே?"

பிள்ளை பத்திரிகையில் வாசித்திருந்தது. சுமாத்ராவுக்கு அப்பால் கடலடியில் பூமி அதிர்ந்தது அன்று நம் நேரம் காலை 7 மணிக்குச் சற்று முன். ஏறத்தாழ ஒன்றரை மணித்தியாலம் கழித்துத்தான் அலை நம் கரைக்கு வந்தது. ஒன்றரை மணித்தியாலம் என்பது பாயில் கிடந்த கிழவியையும் தூக்கிக்கொண்டு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைப் பக்கம் போய்ச் சேரப் போதுமான நேரம். அந்தப் பிள்ளையின் கேள்வியைப் பாவம், கர்மா என்ற பதில்களால் மூடியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? இந்து சமுத்திரத்தில் எச்சரிக்கை முறை ஏன் இல்லை என்ற கேள்வியும் அதோடு சேர்ந்தே மூடப்பட்டிருக்கும். நல்லவேளையாக அந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் இருந்தார்கள். 2005இல் அனர்த்த முகாமைத்துவச் சட்டம் வந்தது, கரையோரத்தில் எச்சரிக்கைக் கோபுரங்கள் எழுந்தன. பாவத்தைக் காரணம் காட்டியவர்களின் பேச்சால் ஒரு கோபுரமும் எழவில்லை.

உலகத்தில் இது புதிதும் அல்ல. 1755 நவம்பர் 1ஆம் திகதி, சகல புனிதர் திருநாள் காலையில், லிஸ்பன் நகரம் அதிர்ந்தது. பூசைக்குக் கூடியிருந்தவர்கள் மேல் தேவாலயங்கள் இடிந்து விழுந்தன. திருநாளுக்கு ஏற்றிய மெழுகுதிரிகளே தீயைப் பரப்பின. கடலும் ஏறியது. கும்பிடப் போனவர்கள் ஏன் செத்தார்கள் என்று ஐரோப்பா வருடக்கணக்காக வாதாடியது. நிலநடுக்கம் பூமியின் இயல்பான வேலை, அதற்குக் காரணம் தேடிப் படிக்க வேண்டும் என்ற எண்ணம் அந்த வாதத்துக்குள்ளிருந்துதான் வலுப்பெற்றது.

இந்த மாதிரி விளக்கங்களை அந்தந்த மதங்களின் உள்ளிருந்தே மறுத்த குரல்கள் இருக்கின்றன, அதையும் சொல்ல வேண்டும். விவிலியத்தில் யோபு பிள்ளைகளையும் சொத்தையும் உடல்நலத்தையும் இழந்து சாம்பலில் இருக்கிறான். நண்பர்கள் வந்து, நீ பாவம் செய்திருப்பாய், அதனால்தான் என்று அதிகாரம் அதிகாரமாகப் பேசுகிறார்கள். யோபு விடவில்லை, கடவுளோடு நேருக்கு நேர் வழக்காடுகிறான். முடிவில் கடவுள் கோபித்துக்கொள்வது வழக்காடிய யோபுவை அல்ல. தனக்காகப் பரிந்து பேசிய அந்த நண்பர்களைத்தான். நபிகள் நாயகம் அவர்களின் சிறு மகன் இப்ராஹீம் இறந்த நாளில் சூரிய கிரகணம் வந்தது. மரணத்துக்காகத்தான் சூரியன் மறைந்தது என்று மக்கள் பேச, எவருடைய பிறப்புக்கோ இறப்புக்கோ சூரியனுக்கும் சந்திரனுக்கும் கிரகணம் பிடிப்பதில்லை, அவை இறைவனின் அத்தாட்சிகள் என்று நாயகம் திருத்தினார்கள். தன் பிள்ளை போன துக்கத்திலும் அதைச் சொன்னார்கள்.

சரி, அப்படியானால் கடவுள் எப்படிப்பட்டவர்? என் பக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். எல்லாம் அறிந்தவர், எல்லாம் வல்லவர், அளவில்லாத அன்புடையவர் என்ற மூன்றையும் ஒன்றாகப் பிடித்துக்கொண்டு டிசம்பர் 26ஐ என்னால் தாண்ட முடியவில்லை. ஒன்றை விட வேண்டும் என்றால் வல்லமையை விடுவேன். இது சைவத்துக்கு அவ்வளவு தூரமான பேச்சும் அல்ல. பதி என்ற இறைவன், பசு என்ற உயிர், பாசம் என்ற கட்டு மூன்றும் அநாதி என்பது சைவ சித்தாந்தம். உயிரையும் அதைப் பிடித்த மலம் என்கிற அந்தக் கட்டையும் இறைவன் படைக்கவில்லை, அவை அவரைப் போலவே என்றும் உள்ளவை. துன்பத்தின் வேரை இறைவன் நடவில்லை என்கிற அந்த இடம் எனக்கு நெஞ்சுக்கு நெருக்கமானது. ஆனால் அதே சித்தாந்தம் அடுத்து, இந்தக் குழந்தையின் சாவு அதன் முன்வினைக்கான கணக்கு என்று சொல்ல வரும்போது நான் நின்றுவிடுகிறேன். அங்கே எனக்குச் சம்மதமில்லை.

இனி மதங்கள், அவற்றின் நிறுவனங்கள். இவற்றை ஒரேயடியாக ஒதுக்கிவிடுகிறவர்களோடும் நான் சேரவில்லை. சுனாமிக்கு அடுத்த நாட்களில் கோயில் மண்டபமும் பள்ளிவாசலும் தேவாலயமும் திறந்தே கிடந்தன. யார் யாருக்குச் சோறு கொடுத்தார்கள் என்று அந்த நாட்களில் பார்த்தவர்களுக்குத் தெரியும். மட்டக்களப்பில் மெதடிஸ்த மிசனரிமார் 1814இல் தொடங்கிய பாடசாலை இன்றும் நடக்கிறது. காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள் கல்லடி உப்போடையில் 1929இல் சிவானந்த வித்தியாலயத்தைத் திறந்தார். தனி மனிதர் ஒருவரின் பக்தியால் இப்படி ஒரு காரியம் தலைமுறை தாண்டி நிற்காது. அமைப்பு வேண்டும், பணம் வேண்டும், பொறுப்பை அடுத்தவர் கையில் கொடுக்கிற ஒழுங்கு வேண்டும்.

அதே அமைப்புத்தான் கோடும் போடுகிறது. படுவான்கரையில் ஒரு சகோதரி, பிறந்து வளர்ந்த கோயிலை விட்டுச் சின்னதொரு கிறிஸ்தவ சபைக்குப் போனவர், என்னிடம் சொன்னார்: "கோயில் காசு கேட்டு வருசம் தவறாம வந்தாங்க. மனுசன் செத்தப்ப ஒருத்தரும் வந்து இருக்கல்ல. இவங்கதான் வந்து பக்கத்தில குந்தி இருந்து அழுதாங்க. மறுகா நான் எங்க போறது கா?" அவரைப் பணத்துக்கு மாறியவர் என்று ஊர் பேசுகிறது. ஊர் அவர் வீட்டு வாசலுக்குப் போயிருந்தால் பேச உரிமை இருக்கும். ஆனால் கதை அதோடு முடியவில்லை. பக்கத்தில் குந்தி அழுத அதே சபை, இப்போது அவர் அக்கா வீட்டுச் சடங்குச் சோற்றைச் சாப்பிடக் கூடாது என்கிறது. அக்காவும் தங்கையும் ஒரே வளவில் இரண்டு அடுப்பு மூட்டுகிறார்கள்.

நமது கோயில்கள் மட்டும் என்ன? கோயில் நிர்வாகம் பார்க்கிற வண்ணக்கர் தெரிவு வந்தால் கட்சி பிரிகிறோம். எந்தத் தாய்வழிக் குடிக்கு எந்த நாள் திருவிழா, யாருக்கு முதல் காளாஞ்சி மரியாதை என்று நீதிமன்றம் வரை போகிறோம். ஊர்ப் பூசகரான கட்டாடியார் பரம்பரையாகச் செய்த தமிழ்ச் சடங்கை, ஆகமம் இல்லை என்று சொல்லி ஒதுக்குகிறோம். மண்டூர் முருகன் கோயிலில் பூசகர் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு மந்திரமே இல்லாமல் பூசை நடக்கிறதே, அந்த முருகனுக்கு அது குறையாகத் தோன்றவில்லையே.

கோடு தடித்துப்போனால் என்ன நடக்கும் என்பதையும் இந்த மண் பார்த்துவிட்டது. 1990 ஆகஸ்ட் 3 இரவு காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்ற நூற்றுக்கு மேற்பட்டவர்கள் தமிழ் இயக்கத்தின் துப்பாக்கிகளால் கொல்லப்பட்டார்கள். அதைத் தமிழர்களாகிய நாம் வாய் திறந்து சொல்ல வேண்டும். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தது. ஞாயிறு பாடசாலைக்கு வந்த பிள்ளைகள் பலர் அதில் செத்தார்கள். வெடித்தவன் கடவுளின் பெயரைச் சொல்லித்தான் வந்தான். கடவுளைப் பற்றித் தனக்குச் சந்தேகமே இல்லை என்று வந்தவன் அவன். சந்தேகப்பட்டவர்களால் இந்தக் கரையில் ஒரு உயிரும் போகவில்லை.

ஆகவே, வண்ணக்கர்மாரிடமும் பள்ளிவாசல் நிர்வாகம் பார்க்கிற நம்பிக்கையாளர்களிடமும் போதகர்மாரிடமும் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். கும்பாபிஷேகத்துக்கும் கட்டடத்துக்கும் வருகிற பணத்தின் கணக்கை வாசலில் ஒட்டுங்கள். அதில் ஒரு பங்கை, ஊரில் சாவு விழுந்த வீட்டுக்கு அடுத்த மூன்று மாதம் உலை வைக்க ஒதுக்குங்கள், அந்த வீடு எந்த மதமாக இருந்தாலும். அப்புறம், ஞாயிறு அறநெறி வகுப்பிலும் மத்ரசாவிலும் ஞாயிறு பாடசாலையிலும் கடைசி அரை மணித்தியாலத்தைப் பிள்ளைகளின் கேள்விக்கு விட்டுவிடுங்கள். என்ன கேட்டாலும் வெளியே அனுப்பாதீர்கள். பதில் தெரியாத இடத்தில் தெரியாது என்று பெரியவர்கள் சொல்லிப் பிள்ளைகள் கேட்கட்டும். வருகிற ஞாயிறே தொடங்கலாம், இதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை.

நன்றி, வணக்கம்.