வெட் வில்லியின் ப்ளூஸ் ஏன் நம் காதில் விழவில்லை?

அடுத்த கேள்விக்கு வருவோம். “சதர்ன் ராக் (அமெரிக்கத் தென்மாநிலங்களின் ராக் இசை) என்றாலே ஆல்மன் பிரதர்ஸ், லினர்ட் ஸ்கினர்ட் என்ற இரண்டு பெயர்களோடு எல்லோரும் நிறுத்திக்கொள்கிறார்கள். கறுப்பின அமெரிக்கர்களின் துயர இசையான ப்ளூஸை ஆழமாகத் தொட்டும் கவனிக்கப்படாமல் போன ஒரு குழுவையும் அதன் ஓர் இசைத்தட்டையும் சொல்ல முடியுமா? ஏன் அது கவனிக்கப்படவில்லை?” என்று நேயர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

நான் சொல்ல விரும்பும் குழு வெட் வில்லி. இசைத்தட்டு, 1973ஆம் ஆண்டு வெளிவந்த ‘டிரிப்பின் வெட்’. இந்தக் குழுவின் ப்ளூஸ் கிதாரில் இல்லாமல் பாடகரின் வாயில் இருந்தது என்பதும், சதர்ன் ராக்கின் வரலாற்றை எழுதியவர்கள் கிதாரை மட்டுமே தேடிப் போனார்கள் என்பதும்தான் இது கவனிக்கப்படாமல் போனதற்கு என் கணிப்பில் முதன்மையான காரணம்.

முதலில் குழுவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அலபாமா மாநிலத்தின் துறைமுக நகரமான மொபீலிலிருந்து புறப்பட்டு, ஜார்ஜியாவின் மேக்கன் நகரில் இயங்கிய காப்ரிகார்ன் ரெக்கார்ட்ஸ் நிறுவனத்தில் சேர்ந்தவர்கள் இவர்கள். ஜிம்மி ஹால் பாடுவார், ஹார்மோனிகாவும் சாக்ஸஃபோனும் வாசிப்பார். அவருடைய சகோதரர் ஜாக் ஹால் பேஸ் கிதார், சகோதரி டோனா ஹால் பின்பாட்டு, ரிக்கி ஹிர்ஷ் கிதார், ஜான் ஆந்தனி கீபோர்டு, லூயிஸ் ராஸ் டிரம்ஸ். விரலை எச்சிலில் நனைத்து, அசந்திருப்பவனின் காதுக்குள் விட்டுத் திருகும் பள்ளிக்கூடக் குறும்புக்குத்தான் அமெரிக்காவில் ‘வெட் வில்லி’ என்று பெயர். சொட்டச் சொட்ட நனைந்தது என்ற பொருள் தரும் இந்த இசைத்தட்டின் தலைப்பும் அந்த வேடிக்கையின் தொடர்ச்சிதான். இப்படி ஒரு பெயரை வைத்துக்கொண்டவர்களை விமர்சகர்கள் கொஞ்சம் விளையாட்டுப் பிள்ளைகளாகவே பார்த்திருந்தால் அதில் வியப்பில்லை.

இந்த இசைத்தட்டு நியூ ஆர்லியன்ஸ் நகரில் ‘தி வேர்ஹவுஸ்’ என்ற அரங்கில், 1972ஆம் ஆண்டின் கடைசி இரவில் நேரடியாகப் பதிவு செய்யப்பட்டது. அந்த நேரத்தில் காப்ரிகார்ன் நிறுவனம் இருந்த நிலையையும் நினைத்துப் பார்க்க வேண்டும். நிறுவனத்தின் தூணாக இருந்த ஆல்மன் பிரதர்ஸ் குழு 1971 அக்டோபரில் கிதார் கலைஞர் டுவேன் ஆல்மனை மோட்டார் சைக்கிள் விபத்தில் இழந்தது. ஓராண்டு கழித்து, 1972 நவம்பரில், அதே மேக்கன் நகரில், அதே போன்றதொரு விபத்தில் பேஸ் கலைஞர் பெரி ஓக்லியையும் இழந்தது. ஓக்லி மறைந்து ஏழு வாரங்களில் நடந்த கச்சேரிதான் நாம் இந்தத் தட்டில் கேட்பது. ஆனால் துக்கத்தின் சாயல் எதுவும் இதில் இல்லை. ஆண்டு பிறக்கும் இரவுக்குரிய கூச்சலும் வியர்வையும்தான் இருக்கின்றன.

இனி ப்ளூஸுக்கு வருகிறேன். ‘ஷி காட் தி கேட்டி’ என்ற பாடலை முதலில் கேளுங்கள். தாஜ் மஹால் என்ற பெயரில் புகழ்பெற்ற அமெரிக்கப் பாடகரும், மாண்டலின் இசைத்த பழைய ப்ளூஸ் கலைஞர் யாங்க் ரேச்சலும் சேர்ந்து எழுதிய பாடல் இது. தாஜ் மஹால் இதை 1968இல் பதிவு செய்தார். ‘கேட்டி’ என்பது மிசௌரி, கேன்சஸ், டெக்சஸ் மாநிலங்களை இணைத்த ரயில் நிறுவனத்துக்கு மக்கள் வைத்த செல்லப் பெயர். காதலி அந்த ரயிலேறிப் போய்விட்டாள், இவனுக்கு மிஞ்சியது ஒரு கோவேறு கழுதை. பாட்டின் கதை அவ்வளவுதான். இந்தப் பாடலில் ஜிம்மி ஹாலின் குரலையும் ஹார்மோனிகாவையும் தனித்தனியாகப் பிரித்துக் கேட்க முடியாது. ஓர் அடியைப் பாடி முடித்த அதே மூச்சு அடுத்த அடிக்குள் கருவியின் வழியாக வெளியே வருகிறது.

ஹார்மோனிகா என்றால் நாம் மவுத் ஆர்கன் என்று சொல்லும் அந்தச் சின்னப் பெட்டிதான். ப்ளூஸ் கலைஞர்கள் விரும்பும் வகையில் பத்துத் துளைகள் இருக்கும். ஸி சுருதிக்குச் செய்யப்பட்ட கருவியை ஊதினால் ஸி சுருதிக்கான ஸ்வரங்கள் வருகின்றன. ஆனால் முதல் நான்கு துளைகளில் மூச்சை உள்ளே இழுத்தால் ஜி சுருதிக்கான ஸ்வரங்கள் கிடைக்கின்றன. ஆகவே ஜி சுருதியில் வாசிக்க விரும்பும் ப்ளூஸ் கலைஞர் ஜி கருவியை விட்டுவிட்டு ஸி கருவியைக் கையில் எடுக்கிறார். பார்க்க இது தலைகீழாகத் தோன்றும், ஆனால் சூட்சுமம் அங்கேதான் இருக்கிறது. இந்தக் கீழ்த் துளைகளில் மூச்சை இழுத்து வாசிக்கும்போது, நாக்கையும் தொண்டையையும் சற்றே மாற்றி அமைத்து ஸ்வரத்தைக் கீழே வளைக்க முடியும். மூன்றாம் துளையில் கிடைக்கும் ‘பி’ ஸ்வரத்தை அரை ஸ்வரம் குறைந்த ‘பி ஃப்ளாட்’ வரைக்கும், அதற்குக் கீழும் இறக்கலாம். இந்த இரண்டுக்கும் நடுவில், எந்த பியானோவிலும் கட்டை இல்லாத ஓர் இடத்தில்தான் ப்ளூஸின் அழுகை குடியிருக்கிறது. அந்த வாசிப்பு முறைக்கு ‘கிராஸ் ஹார்ப்’ என்று பெயர். கிதார் கலைஞர் விரலால் தந்தியை இழுத்துச் செய்வதை இவர் மூச்சால் செய்கிறார். ஆனால் மூச்சுக்கு ஓர் எல்லை உண்டு என்பதால், இருபது நிமிடத் தனி ஆவர்த்தனம் என்ற பேச்சுக்கு இங்கே இடமில்லை.

ஆல்மன் பிரதர்ஸ் 1971இல் வெளியிட்ட, நியூயார்க்கின் ஃபில்மோர் ஈஸ்ட் அரங்கில் எடுத்த நேரடிப் பதிவில் ஒரே பாடல் ஓர் இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுவதையும் எடுத்துக்கொண்டது. அதன் பிறகு, கிதார் எவ்வளவு தூரம் பயணம் செய்கிறது என்பதை வைத்தே தெற்கத்திய நேரடிப் பதிவுகளை அளந்தார்கள். (அந்தப் பதிவிலேயே டாம் டூசெட் என்பவர் சில பாடல்களில் ஹார்மோனிகா வாசித்திருக்கிறார், அங்கே விருந்தாளியாக வந்துபோன கருவி வெட் வில்லியில் வீட்டுத் தலைவனாக இருந்தது.) ஆல்மன் பிரதர்ஸின் பெருமையைக் குறைப்பது என் நோக்கமன்று. ஆனால் அந்த அளவுகோலை இந்தத் தட்டின் மேல் வைத்தால், தவறான விடைதான் கிடைக்கும்.

இன்னொரு பாடலையும் சொல்ல வேண்டும். தட்டின் நிறைவில் வரும் ‘ஷவுட் பாமலாமா’, மேக்கன் நகரில் வளர்ந்த கறுப்பினப் பாடகர் ஓட்டிஸ் ரெடிங் புகழ்பெறுவதற்கு முன்னால், 1960களின் தொடக்கத்தில் பாடியது. அதை முதலில் வெளியிட்ட சிறு நிறுவனத்தின் பெயரே ‘கான்ஃபெடரேட்’. அடிமை முறைக்காகப் போரிட்ட தென்மாநிலங்களின் கொடியையே அது தன் இலச்சினையாக வைத்திருந்தது. அந்தக் கொடி ஒட்டிய தட்டைக் கறுப்பினத்தவரின் வானொலிகள் எப்படி ஒலிபரப்பும்? ஆகவே அதே பாடலை வேறு பெயர் கொண்ட லேபிளில் மறுபடியும் வெளியிட நேர்ந்தது. பிற்காலத்தில் சதர்ன் ராக் குழுக்கள் சில அதே கொடியை மேடையில் விரித்தன என்பதை நினைத்துக்கொண்டு இந்தப் பாடலைக் கேட்டால், மொபீலிலிருந்து வந்த வெள்ளையின இளைஞர்கள் இதைத் தேர்ந்தெடுத்ததன் கனம் புரியும். காப்ரிகார்னை நிறுவியவர்களில் ஒருவரான ஃபில் வால்டன், 1967 டிசம்பரில் ஓட்டிஸ் ரெடிங் விமான விபத்தில் இறக்கும் வரை அவருடைய மேலாளராக இருந்தவர் என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ளலாம்.

இதே தட்டில் ‘மேக்கன் ஹேம்போன் ப்ளூஸ்’ என்று ஒரு பாடலின் தலைப்பில் வரும் ‘ஹேம்போன்’ என்ற சொல்லும் கறுப்பினத்தவரின் அதே வேரிலிருந்து வருவதுதான். தொடையிலும் மார்பிலும் கையால் தட்டித் தாளம் எழுப்பும் கலை அது. தென் கரோலினாவில் 1739இல் அடிமைகள் கிளர்ந்தெழுந்த பிறகு, 1740இல் வந்த சட்டம் அவர்கள் முரசு கொட்டுவதைத் தடை செய்தது. முரசைப் பறித்துக்கொண்டார்கள், உடம்பைப் பறிக்க முடியவில்லை.

கவனிக்கப்படாமல் போனதற்கு வேறு காரணங்களும் உண்டு. இந்தத் தட்டு வந்த அதே 1973இல் லினர்ட் ஸ்கினர்டின் முதல் தட்டும், மார்ஷல் டக்கர் குழுவின் முதல் தட்டும், ஆல்மன் பிரதர்ஸின் ‘பிரதர்ஸ் அண்ட் சிஸ்டர்ஸ்’ தட்டும் வெளிவந்தன. அந்த நெரிசலில் இது நசுங்கிப்போனது. பிறகு 1974இல் டாம் டவ்ட் தயாரிப்பில் ‘கீப் ஆன் ஸ்மைலின்’ என்ற பாடல் வந்து, அமெரிக்காவின் புகழ்பெற்ற பாடல்களின் பட்டியலில் பத்தாம் இடம் வரை ஏறியது. ஜமைக்காவின் ரெகே இசைச் சாயல் கொண்ட, இனிமையான பாடல்தான், எனக்கும் பிடிக்கும்; ஆனால் அன்றிலிருந்து வெட் வில்லி என்றால் அந்த ஒரு பாடல் என்று ஆகிவிட்டது, அதற்கு முந்தைய ப்ளூஸ் குழுவைத் தேடுவார் இல்லாமல் போயிற்று.

இவர்களைச் சதர்ன் ராக்கில் சேர்க்கலாமா, கறுப்பினத்தவரின் சோல் இசையில் சேர்க்க வேண்டுமா என்று சிலர் ஐயப்படுவதுண்டு. ஓட்டிஸ் ரெடிங்கின் ஊரில், ஓட்டிஸ் ரெடிங்கின் மேலாளரோடு வேலை செய்தவர்களிடம் அந்த இரண்டையும் பிரிக்கச் சொல்வது நியாயமில்லை. ஜிம்மி ஹாலின் குரல் எங்கே போனாலும் தன் வேலையைச் செய்தது என்பதற்கு, 1985இல் ஆங்கிலேயக் கிதார் கலைஞர் ஜெஃப் பெக் வெளியிட்ட ‘ஃபிளாஷ்’ தட்டில் அவர் பாடியிருப்பதைக் கேட்டுப் பாருங்கள்.

இசைத்தட்டில் எட்டுப் பாடல்கள்தான். கேள்வி கேட்ட அன்பர் ‘ஷி காட் தி கேட்டி’யில் தொடங்கி, கிதாரை எதிர்பார்க்காமல், பாடகர் எங்கே மூச்சு வாங்குகிறார் என்பதை மட்டும் கவனித்தபடி ஒரு முறை முழுவதும் கேட்டுவிட்டு, அவருக்கு என்ன தோன்றியது என்று எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.